காதுக் கேமராவும் கரண்டியும்: மூன்று வார அனுபவம்

இயர்ஃபோனின் வலப்பக்கம் கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது என் தொழில். நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் இரண்டு காதுகளிலும் குமிழ்கள் செருகியபடியே இருக்கும். ஒரு திங்கட்கிழமை, வலப்பக்கம் பேசியவர் மட்டும் சாத்திய கதவுக்கு அப்பால் நின்று பேசுவதுபோல் கேட்டது. ஒலியைக் கூட்டினேன். இடது காதுதான் இரைந்தது. கதவுக்கு அப்பால் நின்றவர் உள்ளே வரவில்லை. வலது குமிழை இடது காதிலும் இடது குமிழை வலது காதிலும் மாற்றிச் செருகிப் பார்த்தேன். கருவியில் குறை இருந்தால் அது இடம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. குறை என் வலது காதிலேயே குந்தியிருந்தது.

அடைப்புத்தானா, வேறு ஏதாவதா என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பார்க்க வேண்டும். காதின் வெளிவழி அடைபட்டிருந்தால், எலும்பு வழியாக வரும் அந்த முனகல் அடைபட்ட பக்கத்திலேயே பெரிதாகக் கேட்கும். உள்காதிலோ நரம்பிலோ கோளாறு என்றால் நல்ல காதின் பக்கம் ஒலிக்கும். மருத்துவர்கள் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதைத்தான். எனக்கு முனகல் முழுவதும் வலப்பக்கம் போய் நின்றது. குறும்பி, அதாவது காதுக்குள் சுரந்து சேரும் மெழுகு, என்று முடிவுகட்டிக்கொண்டேன். (நல்ல காதின் பக்கம் கேட்டிருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். திடீரென்று ஒரு காது கேட்காமல் போய், முனகல் மறுபக்கம் கேட்டால், எண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அது உள்காது தொடர்பான அவசரம். நாள் தள்ளத் தள்ளக் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு குறையும்.)

குறும்பி என்றால் எடுத்துவிட வேண்டியதுதானே? அப்படித்தான் அந்தக் காதுக் கேமராவை வாங்கினேன்.

பேனா பருமனில் ஒரு கருவி. முனையில் கடுகளவு கண்ணாடிக் கண், அதைச் சுற்றி ஒளிவட்டம். கண்ணுக்கு முன்னால் மாட்டிக்கொள்ளச் சிறு கரண்டிகள், மொத்தம் ஆறு. செல்பேசியில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டால் காதுக்குள் இருப்பது திரையில் தெரியும். பழைய அகராதிகளில் 'குறும்பிவாங்கி' என்று ஒரு சொல் உண்டு. காதுக்குறும்பியை எடுக்கும் கருவிக்கு நம்மவர்கள் வைத்த பெயர். இது கண் முளைத்த குறும்பிவாங்கி என்று எண்ணி மகிழ்ந்தேன்.

முதலில் நல்ல காதான இடது காதைப் பார்த்தேன். நியாயமாகச் சொல்ல வேண்டும்: அந்தக் காட்சி அருமை. வாசலில் நுண்ணிய மயிர்கள், அவற்றின் அடியில் மஞ்சள் பூச்சாகக் கொஞ்சம் குறும்பி. அதைத் தாண்டினால் வெளிர் இளஞ்சிவப்புக் குகை. கோடியில் முத்தின் சாம்பல் நிறத்தில், பின்னால் இருக்கும் எலும்பின் நிழல் தெரியும் அளவுக்கு மெல்லியதாக, செவிப்பறை. அதன் கீழ்ப்பகுதியில் ஒரு முக்கோணமாக ஒளி தெறித்தது. ஐம்பது ஆண்டுகளாக உலகத்தையே எனக்குள் கொண்டுவந்த தோலை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். பார்ப்பதற்கு மட்டும் என்றால் இந்தக் கருவிக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருவேன்.

வலது காதில் குகையும் இல்லை, முத்தும் இல்லை. நுழைந்து கொஞ்ச தூரத்திலேயே கரும்பழுப்பில் பளபளக்கும் ஒரு சுவர்.

கரண்டியை மாட்டினேன். மகள் செல்பேசியைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, வலப்பக்கம் போங்கள். இல்லை, இல்லை, எதிர்ப்பக்கம் போகிறது!" கண்ணாடியைப் பார்த்து முடி வெட்டிக்கொள்வது போன்ற வேலை அது. கையை ஒருபுறம் அசைத்தால் படம் வேறுபுறம் நகர்ந்தது. ஆழமும் தெரியவில்லை. ஒரே ஒரு கண்ணால் பார்க்கிறோம் அல்லவா, சுவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது கரண்டி அதில் முட்டிய பிறகுதான் விளங்கும். முட்டியதும் எனக்கு இருமல் வந்தது.

இந்த இருமல் தற்செயல் இல்லை. தொண்டைக்கும் குரல்வளைக்கும் போகும் 'அலையும் நரம்பு' (வேகஸ்) என்பதன் ஒரு கிளை காதுக்குழாய்க்கும் வருகிறது. அங்கே தொட்டால் சிலருக்கு இருமல் கிளம்பும். ஒரு கரண்டி காதுக்குள் இருக்கும்போது உடம்பே குலுங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சுரீரென்று ஒரு வலி. மகள் "போதும் அப்பா, வெளியே எடுங்கள்" என்றாள். எடுத்தேன். கரண்டியில் குறும்பி இருந்தது, ஒரு துளிப் பூச்சாக. திரையில் பார்த்தால் சுவர் முன்பைவிட வழுவழுப்பாக, பூசி மெழுகியதுபோல் இருந்தது.

விளம்பரக் காணொளிகளில் செதில் செதிலாகப் பெயர்ந்து வருகிறதே, எனக்கு ஏன் வரவில்லை? பிறகுதான் தெரிந்துகொண்டேன். குறும்பியில் இரண்டு சாதி உண்டு: உலர்ந்து செதிலாக இருப்பது, ஈரமாக ஒட்டுவது. எந்தச் சாதி என்பதை ஏபிசிசி11 என்ற ஒற்றை மரபணு தீர்மானிக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-இல் கண்டறிந்தார்கள். கிழக்கு ஆசியாவில் பெரும்பாலோருக்கு உலர்ந்த வகை. உலர்ந்ததைக் கரண்டி பெயர்க்கலாம். என்னுடையது பிசின். பிசினைக் கரண்டியால் எடுக்கப் போனால் முக்கால் பங்கு உள்ளேதான் போகும். பஞ்சுக் குச்சி செய்வதும் இதே வேலைதான். பஞ்சில் ஒட்டிவரும் மஞ்சளைப் பார்த்து நாம் திருப்தியடைகிறோம். ஒட்டாதது என்ன ஆனது என்று கேட்பதில்லை. காதுக்குழாய்க்குள் விடக் கூடாது என்று பஞ்சுக் குச்சிப் பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். பெட்டியைத் திறந்து குச்சியை எடுக்கும் அவசரத்தில் அதை யார் படிக்கிறார்கள்? நான் முப்பது ஆண்டுகளாகப் படிக்கவில்லை. எடுக்கும் கருவி என்ற வகையில் கேமராவுக்கு ஐந்துக்கு ஒன்று.

வலி அடங்க மூன்று நாள் விட்டேன். அந்த இடைவெளியில் ஒரு நண்பர் காது மெழுகுவர்த்தி இரண்டைக் கொடுத்தார். உள்ளே துளையுள்ள நீண்ட குழல். ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையைக் கொளுத்தினால் சூடு குறும்பியை உறிஞ்சி எடுக்குமாம். எரிந்து முடிந்ததும் அடிக்கட்டையைப் பிரித்தால் பழுப்புத் தூள் இருக்குமாம், அதுதான் சாட்சியாம். காதில் பூச்சுற்றுவது கேள்விப்பட்டிருக்கிறேன், காதில் மெழுகுவர்த்தி இப்போதுதான். இரண்டையும் கொளுத்தினேன், காதில் அல்ல, ஒரு வெற்றுக் கோப்பையில் நிறுத்தி. அணைத்துப் பிரித்தேன். இரண்டிலும் அதே பழுப்புத் தூள்! கோப்பைக்கு ஏது குறும்பி? 1996-இல் வந்த ஓர் ஆய்விலும் இதையேதான் சொன்னார்கள்: குழலில் உறிஞ்சும் அழுத்தம் எதுவும் உண்டாவதில்லை, மிச்சம் முழுவதும் மெழுகுவர்த்தியின் மெழுகு. காதில் சூட்டுக்காயம் பட்டவர்கள் உண்டு. நட்சத்திரம் கிடையாது.

நான்காம் நாள் ஆலிவ் எண்ணெய்ச் சொட்டு மருந்துக்கு வந்தேன். இதற்கு முன்பு, சென்ற ஆண்டு, இடது காதுக்குக் கார்பமைடு பெராக்சைடு 6.5 விழுக்காடு கலந்த சொட்டு மருந்தைப் போட்டிருக்கிறேன். அது விழுந்ததும் காதுக்குள் மழை பெய்வதுபோல் சடசடவென்று நுரைக்கும். வேலை செய்கிறது என்ற நம்பிக்கையை அந்தச் சத்தமே கொடுத்துவிடும். ஆனால் சொட்டு மருந்துகளை ஒப்பிட்ட ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2018-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பில், ஒரு மருந்து மற்றதைவிடச் சிறந்தது என்பதற்குச் சான்று இல்லை, வெறும் நீரோ உப்புநீரோகூடச் சளைத்தது என்று சொல்லிவிட முடியாது என்றே முடித்திருந்தார்கள். அப்படியானால் உரசிப் புண்ணான காதுக்குச் சாதுவானதே போதும். எண்ணெய் சத்தம் போடாது. அதுவே எனக்குப் பிடித்திருந்தது.

மூன்று சொட்டு, நாளைக்கு மூன்று முறை, ஐந்து நாள். ஒருக்களித்துப் படுத்து, மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் வளைந்த குழாய் நேராகும். சொட்டு விட்டபின் ஐந்து நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும். குப்பியை முதலில் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிக்கொள்வதை மறக்கக் கூடாது. குளிர்ந்த நீர்மம் காதுக்குள் போனால் தலை சுற்றும். காது கழுவும்போது நீரின் சூட்டைப் பொறுத்து நோயாளிகளுக்குத் தலை சுற்றுவதைக் கவனித்துத்தான் காது மருத்துவர் ராபர்ட் பாரானி உள்காதின் சமநிலை உறுப்பைப் பற்றிய தன் ஆய்வைத் தொடங்கினார். 1914-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் அவருக்குக் கிடைத்தது. எனக்கு முதல் நாள் கட்டில் ஒரு சுற்றுச் சுற்றியது, அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் நிலைமை மோசமானது. கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்ததும் கேட்கவில்லை. கதவு சாத்தியிருந்த இடத்தில் சுவரே எழுப்பிவிட்டார்கள். பலர் இங்கேதான் பயந்து விட்டுவிடுகிறார்கள், அல்லது குச்சியை எடுத்துவிடுகிறார்கள். குறும்பி ஊறி உப்பி, எஞ்சிய இடுக்கையும் அடைத்துக்கொள்வதால் வரும் மந்தம் இது. பொறுத்திருந்தேன். வேலையை ஒற்றைக் காதில் ஓட்டினேன். பழக்கதோஷத்தில் வலது குமிழையும் அவ்வப்போது செருகிக்கொண்டேன். அதன் விளைவைப் பிறகு சொல்கிறேன். ஐந்தாம் நாள் காலை தலையணையில் விரித்திருந்த துண்டில் பழுப்பாக ஒரு துணுக்கு கிடந்தது. இரவில் தானாக நழுவி விழுந்திருக்கிறது. நான் ஒன்றுமே செய்யாதபோது! சொட்டு மருந்துக்கு நான்கு நட்சத்திரம். பொறுமையை அவர்கள் குப்பியில் அடைத்துத் தராததற்காக ஒன்றைக் குறைத்துக்கொள்கிறேன்.

மீதிக்கு ரப்பர் பந்துப் பீச்சி. உடல் சூட்டில் நீர், மெல்லிய அழுத்தம், பீச்சும் முனை செவிப்பறையை நேராகப் பார்க்காமல் குழாயின் மேற்சுவரைப் பார்க்க வேண்டும். செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்கள், காதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், காதில் சீழ் வடிபவர்கள் இதையும் சொட்டு மருந்தையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் காதில் நீர் பீச்சுமுன் கேட்டுக்கொள்வது நல்லது. என் இடது காதின் முத்தைக் கேமராவில் பார்த்திருந்தேனே தவிர, வலது காதில் முத்து முழுதாக இருக்கிறதா என்பது சுவருக்குப் பின்னால் இருந்தது. அந்தத் துணிச்சல் எனக்கே இப்போது பிடிக்கவில்லை. முதல் ஐந்தாறு பீச்சலில் கலங்கிய நீர். அடுத்ததில் சட்டைப் பொத்தானில் பாதி அளவுக்கு ஒரு கட்டி கிண்ணத்தில் விழுந்தது. உடனே மின்விசிறி இரையத் தொடங்கியது. அது அதுவரையிலும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

ஆனால் முழுதாகத் திறக்கவில்லை. பேச்சு கேட்டது, 'ச'வும் 'ஸ'வும் மழுங்கி வந்தன. என் தொழிலுக்கு அது போதாது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். நுண்ணோக்கியில் ஒரு முறை பார்த்தார். "குடைந்தீர்களா?" என்று கேட்கவில்லை. "எதை விட்டுக் குடைந்தீர்கள்?" என்றுதான் கேட்டார். குறும்பி சுரப்பது குழாயின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கில் மட்டும் என்றார். குழாயின் தோல் உள்ளிருந்து வெளியே மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது, குறும்பியைத் தன்மேல் ஏற்றி வாசலுக்குக் கொண்டுவருகிறது. "செவிப்பறைக்குப் பக்கத்தில் கிடக்கும் இந்தத் துண்டு தானாக அங்கே போயிருக்க வழியில்லை. நீங்கள்தான் கொண்டுபோய் விட்டிருக்கிறீர்கள்" என்றார். மெல்லிய உறிஞ்சுகுழலால் இரண்டு மூன்று நிமிடத்தில் எடுத்துவிட்டார். வலி இல்லை, ஆனால் காதுக்குள் விமானம் கிளம்பும் சத்தம். காத்திருந்த நேரம்தான் நீளம். ஐந்து நட்சத்திரம், அந்தச் சத்தத்தையும் சேர்த்தே.

தொந்தரவு தராத குறும்பியை எடுக்கவே வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2017-இல் புதுப்பித்த வழிகாட்டியும் சொல்கிறது. என் இடது காது வாசலில் இருக்கும் மஞ்சளை அதன்பிறகு நான் தொடவில்லை.

மறுநாள் மகிழ்ச்சியாக வேலைக்கு உட்கார்ந்தேன். வலப்பக்கம் பேசியவர் மறுபடியும் கதவுக்கு அப்பால்! நெஞ்சு படபடத்தது. குமிழ்களை மாற்றிச் செருகினேன். இம்முறை குறை இடது காதுக்கு மாறியது. இழுப்பறையில் கிடந்த கேமராவை எடுத்து, கரண்டியைக் கழற்றிவிட்டு, வலது குமிழின் வாயைப் பார்த்தேன். எண்ணெய் நாட்களில் செருகியதன் பலன்: கம்பி வலைக் கண் ஒவ்வொன்றிலும் பழுப்பாக அப்பியிருந்தது. வலையைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு உலர்ந்த பல்துலக்கியால் துலக்கினேன். கேமராவுக்கு ஒரு நட்சத்திரம் கூட்டியிருக்கிறேன்.