தின்னர் வாடைக்குச் சிரட்டைக்கரியா, உயிர்வடியா?

ஹட்டன் பக்கத்தில் தளபாடங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை ஒன்றில் அரை மணி நேரம் நின்றேன், தலை கனத்துவிட்டது. உறிஞ்சும் விசிறி வெளியே தள்ளும், பெயின்டைக் கரைக்கும் தின்னரிலுள்ள தொலுயீன், சைலீன் ஆவி நேரே பின்னாலுள்ள லயத்துக்குத்தான், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குத்தான் போகிறது. அங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சிரட்டையில் செய்யும் செயலூட்டிய கரி, அதாவது ஆவியைப் பிடிக்கும் நுண்துளைகள் நிறைந்த கரி, இலங்கையிலேயே கிடைக்கிறது. பெட்டியில் நிரப்பிக் காற்றை விட்டால் அன்றே வாடை குறையும். ஆனால் கரி ஆவியைப் பிடித்து வைக்குமே தவிர அழிக்காது. மலையகத்து ஈரக்காற்றில் நீராவியும் இடம் பிடித்துக்கொள்வதால் சீக்கிரம் நிரம்பிவிடும். அப்புறம் மாற்றுகிற செலவு.

உயிர்வடி என்பது கூட்டெரு, மரச்சீவல், தென்னந்தும்பு கலந்த படுக்கை. அதில் வாழும் பக்டீரியாவும் பூஞ்சணமும் ஆவியை உண்டு காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாற்றிவிடும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கு நனைய வேண்டும், சொட்டக் கூடாது. 40 முதல் 60 சதவீத ஈரம் என்பது ஏறக்குறைய அதுதான். நம் ஈரக்காற்று இங்கே துணை, குளிர்தான் பகை. நுண்ணுயிர்களுக்கு 25 முதல் 35 பாகை பிடிக்கும், நுவரெலியாவின் சராசரியோ 16 பாகையளவு. காற்றும் படுக்கையில் அரை நிமிடத்துக்குக் குறையாமல் தங்க வேண்டும் என்பதால் இடம் நிறையத் தேவை. பெயின்ட் தூசியை முன்னாலேயே வடிக்காவிட்டால் படுக்கை அடைத்துக்கொள்ளும்.

எப்போதாவது பெயின்ட் அடிப்பவருக்குக் கரி சரி. தினமும் அடிக்கும் இந்தப் பட்டறைக்கு, குளிர் தாக்காத மூடிய தொட்டியில் உயிர்வடிதான் என் தெரிவு.