இருபது அங்குல மடக்கு மிதிவண்டிக்கு 11–28 ஃப்ரீவீல்: ஒரு மதிப்பீடு

மடக்கு மிதிவண்டியில் ஏழு கியர் இருந்தாலும், சமதரையில் சற்று வேகமெடுத்ததும் பெடலில் பிடிப்பே இல்லாமல் கால்கள் சுழலத் தொடங்கிவிடுகின்றன. இதற்குக் காரணம் சக்கரத்தின் அளவு. 1.75 அங்குல டயர் மாட்டிய 20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 1.5 மீட்டர்தான் நகரும். சாலைப் பந்தய மிதிவண்டியின் சக்கரம் 2.1 மீட்டர் நகரும். பெடல் பக்கத்துப் பற்சக்கரத்தில் 52 பல், பின்சக்கரத்தின் சிறிய பற்சக்கரத்தில் 14 பல் என்ற வழக்கமான அமைப்பில், பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி 5.6 மீட்டர் செல்கிறது; நிமிடத்துக்கு 80 சுற்று என்ற இயல்பான மிதிப்பில் அது மணிக்கு 27 கிலோமீட்டர் ஆகிறது.

இந்தக் குறையைத் தீர்க்க, 14 முதல் 28 பல் வரையிலான பழைய ஃப்ரீவீலை, அதாவது பின்சக்கரத்தின் பற்சக்கர அடுக்கைக் கழற்றிவிட்டு 11, 13, 15, 18, 21, 24, 28 பற்கள் கொண்ட ஏழு அடுக்கு ஃப்ரீவீலைப் பொருத்தினேன். உச்ச கியரில் ஒரு மிதிக்கு 7.2 மீட்டர் கிடைக்கிறது. அதே மிதிப்பில் மணிக்கு 34 கிலோமீட்டர். பெரிய பற்சக்கரம் 28 ஆகவே இருப்பதால் ஏற்றத்துக்கான கியரில் எதுவும் குறையவில்லை. செயின்ரிங்கை, அதாவது பெடல் பக்கத்துப் பற்சக்கரத்தைப் பெரிதாக்கியிருந்தால் எல்லா கியரும் சேர்ந்து கனத்திருக்கும். அந்த வழியைப் பலர் ஏன் முதலில் நாடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

திருகி மாட்டும் ஃப்ரீவீல்களில் சிறிய பற்சக்கரம் பெரும்பாலும் 14 பற்களோடு நின்றுவிடுவதற்குக் காரணம் உண்டு. ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பகுதி) மரையே ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது; அதைச் சுற்றி உள்ளுடலும் பேரிங்கும் அமைந்த பிறகு 11 பல் சக்கரத்துக்கு அங்கே இடமில்லை. எனவே அதை உடலுக்கு வெளியே நீட்டி அமைக்கிறார்கள். இதனால் இரண்டு தொல்லைகள் வருகின்றன: கழற்றும் கருவி மெல்லிய சுவர் கொண்டதாக இருக்க வேண்டும், சிறிய பற்சக்கரத்தில் ஓடும் செயின் பின் ஃபோர்க்கை உரசாதவாறு இடைவெளியும் இருக்க வேண்டும். உரசினால் ஆக்சிலில் (சக்கர அச்சில்) ஒரு வாஷர் சேர்க்கலாம். ஆனால் ரிம் நடுவிலிருந்து விலகுவதால் சக்கரத்தின் ஆரக்கம்பிகளைத் திரும்ப இழுத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

பழைய ஃப்ரீவீல் ஒவ்வொரு மிதியிலும் இறுகிக்கொண்டே வந்திருப்பதால் சாதாரண ஸ்பேனருக்கு எளிதில் அசையாது. கருவியை மேசைப் பிடியில் இறுக்கி, சக்கரத்தையே இடப்பக்கமாகத் திருப்புவதே நல்ல முறை. புதியதைப் பொருத்துமுன் மரையில் கிரீஸ் தடவ மறக்கக் கூடாது. ஏழு கியர் ஷிஃப்டரை மாற்றத் தேவையில்லை. செயினைப் பற்சக்கரம் விட்டுப் பற்சக்கரம் நகர்த்தும் டீரெய்லரின் எல்லைத் திருகுகளைச் சரிசெய்தால் போதும்.

ஓட்டத்தில் குறை சொல்வதானால், கியர்களுக்கிடையே உள்ள தாவலைச் சொல்வேன். பழையதில் 22க்கும் 24க்கும் இடையே ஒன்பது சதவீதமே வேறுபாடு; புதியதில் 15க்கும் 18க்கும் இடையே இருபது சதவீதம். எதிர்க்காற்றில் ஒரு கியர் கனமாகவும் அடுத்தது லேசாகவும் படுகிறது. 11 பல் சக்கரத்தில் குறைவான பற்களே இழுவையைத் தாங்குவதால் அது விரைவில் தேயும். தேய்ந்த பழைய செயினைப் புதிய ஃப்ரீவீலில் ஓட்டினால் புதிய பற்களும் விரைவில் தேயும் என்பதால் இரண்டையும் ஒன்றாக மாற்றுவதே சிக்கனம்.

மணிக்கு 34 கிலோமீட்டர் வேகம் இறக்கத்தில் தவிர பெரும்பாலோருக்குத் தேவைப்படாது. ஆகவே இந்த ஃப்ரீவீலோடு செயின்ரிங்கை 46 பற்களாகக் குறைக்குமாறு பரிந்துரைக்கிறேன். உச்ச கியர் 6.3 மீட்டராக, அதாவது மணிக்கு 30 கிலோமீட்டராக நிற்கும். ஏற்றத்துக்கான கியர் 2.8 மீட்டரிலிருந்து 2.5 மீட்டராக இறங்கும். செயினில் இரண்டு கண்ணிகளை எடுக்க வேண்டும். கிராங்கில் (பெடலைத் தாங்கும் கையில்) செயின்ரிங் போல்ட்டால் மாட்டப்பட்டிருக்கிறதா, ரிவெட் அடிக்கப்பட்டிருக்கிறதா என்று முன்னரே பாருங்கள். ரிவெட் என்றால் கிராங்கையும் சேர்த்து வாங்க நேரிடும். 34 பல் வரை நீளும் ஃப்ரீவீலை நான் தேர்ந்தெடுக்கவில்லை. அதற்கு நீண்ட கூண்டுள்ள டீரெய்லர் வேண்டும். இவ்வளவு சிறிய சக்கரத்தில் அது தரைக்கு மிக அருகில் தொங்கும்.