மூன்று பகா எண்கள்: மாட் எடுக்க எது தோது?

கோவைப் பக்கம் கோடிங் போட்டிக்குத் தயாராகிற பிள்ளைகள் கேட்காமல் விடாத கேள்வி: "ஏனுங்க சார், மாட் எடுக்கறதுக்கு எந்த பிரைம் போடறதுங்க?" மாட் என்றால் வகுத்து மீதி காண்பது; பிரைம் என்றால் பகா எண். களத்தில் இருப்பவை மூன்று: 1000000007, 998244353, 2147483647.

திருப்பூர் பனியன் துணியில் 12 நிறங்களைக் கொண்டு 40 கோடு போட எத்தனை வழி? 12⁴⁰. மொத்தம் 44 இலக்கம், 64 பிட்டில் அடங்காது. ஆகவே ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் பகா எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்கிறோம். பகா எண் என்பதால் பூஜ்யம் தவிர்த்த எல்லா மீதிக்கும் தலைகீழ் (பெருக்கினால் மீதி 1 தரும் எண்) உண்டு. பகா எண்ணை p என்று வைத்தால், ஃபெர்மா தேற்றப்படி மீதியை p−2 அடுக்குக்கு உயர்த்தினால் அது கிடைத்துவிடும். இதுவரை மூன்றும் ஒன்றுதான். பிரிவது p−1-இல்.

1000000007 மனதில் சட்டென நிற்கும். இரண்டு மீதியைக் கூட்டினாலும் 32 பிட் இன்ட் (முழு எண் மாறி) தாங்கும். ஆனால் 1000000006 = 2 × 500000003, பின்னதும் பகா எண். உடைக்க அதற்கு மேல் ஒன்றுமில்லை. எண்ணிக்கைக் கணக்குக்கு இது போதும்.

998244353 பார்க்க லட்சணமில்லாத எண்தான், ஆனாலும் என் ஓட்டு இதற்கே. p−1 = 119 × 2²³. ஈரோடு மஞ்சள் மண்டியில் இரண்டு குவியல். ஒவ்வொன்றிலும் லட்சம் வெவ்வேறு எடையில் மூட்டைகள். குவியலுக்கு ஒன்றாக எடுத்தால் ஒவ்வொரு மொத்த எடையும் எத்தனை விதமாக வரும்? நேராகப் போட்டால் 1,000 கோடிப் பெருக்கல். அந்த 2²³ இருப்பதால் இரண்டிரண்டாகப் பிளந்துகொண்டே போகும் எண்வழி ஃபூரியர் மாற்றம் இங்கே வேலை செய்யும். சில கோடியில் முடிந்துவிடும். மூல எண்ணும் (அதன் அடுக்குகளாகவே பூஜ்யம் தவிர்த்த எல்லா மீதியும் வந்துவிடும் எண்) சின்னது: 3. லட்சத்துக்கு என்ன, 80 லட்சம் நீளம் வரை தாங்கும்.

2147483647, அதாவது 2³¹−1. இது பகா எண் என்று ஆய்லர் 1772-இல் நிறுவினார். இதில் மீதி காண வகுக்கவே வேண்டாம். 500 கோடியை எடுங்கள்: கடைசி 31 பிட் 705032704, மேலே மிஞ்சுவது 2. கூட்டினால் 705032706, அதுதான் மீதி. வேகம் அபாரம். ஆனால் p−1-இல் ஒரே ஒரு 2-தான், மண்டிக் கணக்குக்கு உதவாது. பெரிய மீதிகள் இரண்டைக் கூட்டினால் சாதா இன்ட் வழிந்து குறை எண்ணாகிவிடும். போட்டியில் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

எழுத்துச் சரங்களை ஹேஷ் செய்ய, அதாவது ஒவ்வொன்றையும் ஒரு எண்ணாகச் சுருக்க, மூன்றுமே வேண்டாம். 1000000007-ஐ வைத்தால் சுமார் 37,000 சரங்களிலேயே ஏதோ இரண்டுக்கு ஒரே ஹேஷ் விழ பாதிக்குப் பாதி வாய்ப்பு. மெர்சென் குடும்பத்து (2-இன் அடுக்கில் 1 குறைந்த பகா எண்கள்) 2⁶¹−1-ஐப் போட்டால் அதே ஆபத்து வர 170 கோடிச் சரங்களைத் தாண்ட வேண்டும். பெருக்கலுக்கு மட்டும் 128 பிட் இடம் கேட்கும்; ஜிசிசி கம்பைலரில் அந்த வசதி இருக்கிறது.