டெஸ்க்டாப்புக்கு வைஃபை: டாங்கிள் போதுமா, கார்டு வேண்டுமா?

லேன் கேபிள் இழுக்க முடிந்தால் இழுத்துவிடுங்கள். அதைவிட நல்லது எதுவும் இல்லை, மேலே படிக்கவும் வேண்டாம். எங்கள் வீட்டில் அது முடியவில்லை. வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்கவே ஹவுஸ் ஓனரிடம் கேட்க வேண்டும், டிரில் போட்டு ஓட்டை என்றால் பேச்சே கிடையாது. ஃபைபர் ரவுட்டர் ஹாலில் இருக்கிறது, கம்ப்யூட்டர் பின்னறையில், நடுவில் இரண்டு செங்கல் சுவரும் ஒரு இரும்பு பீரோவும். மதர்போர்டு பழசு, அதில் வைஃபை இல்லை.

இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு மூன்று வழி உண்டு. யூஎஸ்பியில் செருகும் டாங்கிள்; கேபினெட்டைத் திறந்து மதர்போர்டில் செருகும் பிசிஐஇ கார்டு; வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரை வைஃபை வாங்கும் பெட்டியாக மாற்றி, அதிலிருந்து கணினிக்கு ஒரு சின்ன கேபிள். நான் சில வருடம் டாங்கிளில் ஓட்டிவிட்டு இப்போது இன்டெல் ஏஎக்ஸ்210 கார்டுக்கு வந்திருக்கிறேன். என் ஓட்டு கார்டுக்குத்தான். அதற்குக் காரணம் வேகம் இல்லை, டிரைவர், அதாவது சாதனத்தைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்.

வேகத்தை முதலில் முடித்துவிடலாம். பெட்டி மேல் ஏசி1300 என்று போட்டிருந்தால் அது 2.4 கிகாஹெர்ட்ஸில் 400, 5 கிகாஹெர்ட்ஸில் 867 என்ற இரண்டு எண்ணையும் கூட்டி, மேலே முழுமையாக்கிப் போட்டது. ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு அலைவரிசையில்தான் இணைவீர்கள், அதிலும் கையில் கிடைப்பது எழுதியிருப்பதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் 100 எம்பிபிஎஸ் பிளான் என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்கும் எந்தச் சாதனமும் போதும். நகத்தளவு இருக்குமே, 150 என்று எழுதி சில நூறு ரூபாய்க்கு விற்கும் குட்டி டாங்கிள், அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதில் பெரும்பாலும் 2.4 மட்டும்தான் இருக்கும், அபார்ட்மென்ட்டில் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் அதே அலைவரிசையில்தான் இரைந்துகொண்டிருக்கும்.

இனி டிரைவர். டாங்கிளை வாங்கிப் பிரித்தால் உள்ளே ஒரு குட்டி சிடி இருக்கும். இன்றைக்கு யார் கேபினெட்டில் சிடி டிரைவ் இருக்கிறது? அதற்கு மாற்றாகச் சில டாங்கிள்கள் தங்களையே ஒரு சிடி டிரைவாகக் காட்டிக்கொள்ளும். செருகியதும் மை கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு டிரைவ் முளைக்கும், அதற்குள் டிரைவர் ஃபைல் இருக்கும், நிறுவியதும் அது வைஃபையாக மாறிக்கொள்ளும். விண்டோஸில் இது வழக்கமாகச் சிக்கலில்லாமல் நடந்துவிடும். நடக்காவிட்டால் அந்த டிரைவை ரைட் கிளிக் செய்து எஜெக்ட் கொடுத்துப் பாருங்கள், பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். நிறையப் பேர் 'டாங்கிள் வேலை செய்யவில்லை, பென் டிரைவ் மாதிரி காட்டுகிறது' என்று திருப்பிக் கொடுப்பது இதனால்தான்.

நிறுவுவது ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு வருடக்கணக்கில் அந்த டிரைவரை யார் பராமரிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. டாங்கிள் விற்கும் கம்பெனி ஒன்று, உள்ளே இருக்கும் சிப்பைச் செய்யும் கம்பெனி வேறு. விற்றவர் தன் தளத்தில் ஒரு டிரைவரைப் போட்டுவிட்டு அடுத்த மாடலுக்குப் போய்விடுவார். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்து எல்லோரும் 11-க்கு மாறவேண்டிய நிலை வந்தபோது, பழைய டாங்கிளுக்கு விண்டோஸ் அப்டேட் ஒரு டிரைவரைக் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இன்டெல் கார்டில் அந்தக் கவலை கிடையாது. சிப் செய்தவரே டிரைவரும் கொடுக்கிறார், கார்டை எந்தப் பெயரில் யார் விற்றிருந்தாலும் இன்டெல்லின் ஒரே டிரைவர் பொருந்துகிறது, புது வெளியீடுகளும் தொடர்ந்து வருகின்றன.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. கடைகளில் அதிகம் கிடைத்த 5 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள்கள் பலவற்றில் இருப்பது ரியல்டெக்கின் 8812ஏயூ போன்ற சிப். அதற்கான டிரைவர் 2025-ல் வந்த கர்னல்களில்தான் (கர்னல் என்பது லினக்ஸின் மையப்பகுதி) உள்ளேயே சேர்ந்தது. அதற்கு முந்தைய கர்னல் என்றால், யாரோ நல்ல மனதோடு கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் பராமரித்த டிரைவரை இறக்கி, நாமே கம்பைல் செய்து, அதாவது நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றி, போட வேண்டும். போட்டபின்னும் ஓயாது. ஒவ்வொரு முறை கர்னல் அப்டேட் வரும்போதும் அது மறுபடி கம்பைல் ஆக வேண்டும். கர்னலுக்குள் ஏதாவது மாறியிருந்தால் கம்பைல் பாதியில் நின்றுவிடும், அடுத்த ரீஸ்டார்ட்டில் வைஃபை ஐகானே இருக்காது, அதைச் சரிசெய்ய இணையத்தில் தேடலாம் என்றால் இணையம்தான் இல்லையே. செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பு ஆனில் இருந்தால் கையொப்பம் இல்லாத டிரைவரை ஏற்றவே மாட்டேன் என்று அது தனியாக மறிக்கும். ஏஎக்ஸ்210-க்கான ஆதரவு 2020 டிசம்பரில் வந்த 5.10 கர்னலிலேயே இருக்கிறது. கார்டைச் செருகி, உபுண்டு 22.04 என்ற லினக்ஸை பூட் செய்தால் வைஃபை பட்டியல் தானாக வரும். கம்பைலும் வேண்டாம், அப்டேட் வந்தால் பயமும் வேண்டாம்.

டாங்கிள் எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். மீடியாடெக்கின் எம்டி7612யூ, எம்டி7921ஏயூ சிப்புகளுக்கு டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது, லினக்ஸ்காரர்கள் தேடி வாங்குவது அவற்றைத்தான். ஆனால் பெட்டியைப் பார்த்து உள்ளே எந்தச் சிப் என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு, ஏனென்றால் ஒரே மாடல் பெயரில் சிப் மாறும். டிபி-லிங்க்கின் டபிள்யூஎன்722என் இதற்குப் பெயர்போன உதாரணம்: வெர்ஷன் 1-ல் ஏதெராஸ் சிப், லினக்ஸில் செருகினாலே வேலை செய்யும், வெர்ஷன் 2-லிருந்து ரியல்டெக், டிரைவர் கதையே வேறு. வெளித்தோற்றம், பெயர் எல்லாம் கிட்டத்தட்ட அதே. பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வெர்ஷன் எண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். ஆன்லைனில் வாங்கும்போது அதையும் பார்க்க வழியில்லை.

டாங்கிளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு, இது பலருக்குத் தெரிவதில்லை. யூஎஸ்பி 3.0 போர்ட்டும் கேபிளும் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ரேடியோ இரைச்சல் கிளப்பும். இன்டெல்லே 2012-ல் இதைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் காப்பி போட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்து போர்ட்டில் உள்ள டாங்கிள் திணறினால் இதுதான் காரணமாக இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், இல்லாவிட்டால் ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளை கேபினெட்டை விட்டுத் தள்ளி வையுங்கள். அந்த கேபிள் இன்னொரு விதத்திலும் லாபம்: டாங்கிளை மேசை மேல், ஜன்னல் பக்கம் என்று சிக்னல் நன்றாக வரும் இடத்துக்குக் கொண்டுபோகலாம். கார்டின் ஆன்டெனாவோ கேபினெட்டின் பின்பக்கம், தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அதனால் கார்டு வாங்கும்போது ஒயரோடு, அடியில் காந்தம் வைத்த தனி ஆன்டெனா வரும் மாடலாகப் பாருங்கள். என்னுடையதை பீரோவின் தலைமேலேயே ஒட்டவைத்திருக்கிறேன். சிக்னலைத் தடுத்த அதே பீரோ இப்போது ஆன்டெனா ஸ்டாண்டு, கேபினெட்டுக்குப் பின்னால் இருந்ததைவிட நன்றாகவே எடுக்கிறது.

கார்டு வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் இன்டெல், ஏஎம்டி இரண்டு போர்டுகளிலும் ஓடும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்று கடைசி எண் ஒன்றில் முடிபவை அப்படி அல்ல. அவற்றின் பாதி வேலை இன்டெல் சிப்செட்டுக்குள் நடக்கிறது, அதற்கென்றே வடிவமைத்த இன்டெல் போர்டில் மட்டும்தான் ஓடும். விலை குறைவாக இருக்கிறதே என்று அதை வாங்கி ஏஎம்டி போர்டில் செருகினால் ஒன்றும் நடக்காது. அப்புறம், புளூடூத் பிசிஐஇ வழியாக வராது, கார்டோடு வரும் சின்ன ஒயரை மதர்போர்டில் உள்ள ஒன்பது பின் யூஎஸ்பி ஹெடரில் செருக வேண்டும், அதை விட்டுவிட்டு புளூடூத் வரவில்லை என்று புலம்புகிறவர்கள் ஏராளம். கிராஃபிக்ஸ் கார்டு பெரிதாக இருந்தால் அதன் அடியில் சின்ன பிசிஐஇ ஸ்லாட் மறைந்திருக்கலாம், திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆபீஸ்களிலிருந்து செகண்ட் ஹேண்டில் வரும் ஒல்லி டெஸ்க்டாப் என்றால் கார்டைக் கேபினெட்டில் பொருத்தும் தகடான பிராக்கெட்டில் குட்டையானதும் கார்டின் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். விண்டோஸ் 7 இன்னும் வைத்திருந்தால் ஏஎக்ஸ்210-க்கு டிரைவர் கிடையாது, 64 பிட் விண்டோஸ் 10 அல்லது 11 வேண்டும்.

மூன்றாவது வழியான பழைய ரவுட்டரை நான் அண்ணன் வீட்டில் அமைத்துக்கொடுத்ததோடு சரி, தினசரி பயன்படுத்தியதில்லை, அதனால் சுருக்கமாக. செட்டிங்ஸில் கிளையன்ட் மோடு அல்லது விஸ்ப் மோடு இருந்தால் அந்த ரவுட்டர் ஹால் வைஃபையை வாங்கி லேன் போர்ட்டில் கொடுக்கும். கணினிக்கு அது வெறும் லேன் கேபிள்தான், டிரைவர் பிரச்சினையே எழாது, விண்டோஸ் 7 ஆனாலும் ஓடும். குறை என்றால், பழைய ரவுட்டர்களின் லேன் போர்ட் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ் மட்டும், அப்புறம் கூடுதலாக ஒரு அடாப்டருக்குப் பிளக் பாயின்ட் வேண்டும். காசே செலவழிக்கக் கூடாது என்றால் இதுதான் சிறந்த வழி.

எதை வாங்கினாலும் சரி, முதல் நாள் டிரைவர் இறக்க இணையம் வேண்டுமே, அதற்கு ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள். போன் வைஃபையில் இருந்தால் பெரும்பாலான போன்களில் அந்த வைஃபையே கணினிக்கும் வந்துவிடும், டேட்டா செலவாகாது.

இணைத்தபின் வரும் கோளாறுகளில் பாதி டாங்கிள், கார்டு இரண்டுக்கும் பொது. கணினி சற்று நேரம் சும்மா இருந்தால் இணைப்பு துண்டிக்கிறதா? டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போய், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். டாங்கிளில் இது அதிகம் வரும். அதோடு பவர் ஆப்ஷனில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் நிறுத்துங்கள். வைஃபை இணைந்தது என்று காட்டியும் இணையம் வரவில்லை, ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது என்றால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை என்று அர்த்தம். ரவுட்டரை அணைத்துப் போடுங்கள், தீராவிட்டால் கணினியில் அந்த நெட்வொர்க்கை மறந்துவிடச் சொல்லி மறுபடி பாஸ்வேர்டு கொடுங்கள். போனில் தெரியும் பெயர் கணினியில் மட்டும் தெரியவில்லை என்றால் அது பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர், டாங்கிளுக்கு 2.4 மட்டும் தெரியும். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் பழைய டாங்கிள் இணையவில்லையா, ரவுட்டரின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருக்கிறதா பாருங்கள், 2-ம் 3-ம் கலந்த முறைக்கு மாற்றினால் சேர்ந்துகொள்ளும். எல்லாத் தளத்திலும் பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் வைஃபையைக் குறை சொல்லும் முன் கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய மதர்போர்டில் தேதி, நேரத்தை ஓடவைக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கும், 2032 என்று எழுதிய காசு வடிவ பேட்டரி ஒன்று மாற்றினால் தீரும்.

யாருக்கு டாங்கிள்? விண்டோஸ் மட்டும் பயன்படுத்துகிறவர், கேபினெட்டைத் திறக்கத் தயங்குகிறவர், நாளைக்கே வேறு கணினிக்கு எடுத்துப்போக வேண்டியவர், ஸ்லாட்டே இல்லாத மினி பிசி வைத்திருப்பவர். இவர்கள் 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள டாங்கிளாக வாங்கி, எக்ஸ்டென்ஷன் கேபிளில் போட்டு நிம்மதியாக இருக்கலாம். ஆன்லைன் கேம் ஆடுபவர்களுக்கு எது மேல் என்று நான் சொல்வது சரியாக இருக்காது, நான் ஆடுவதில்லை. மற்றவர்களுக்கு, குறிப்பாக லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு கணினியை ஐந்தாறு வருடம் ஓட்டுகிறவர்களுக்கும், கூடுதல் காசு கொடுத்தாலும் கார்டுதான். மதர்போர்டை மாற்றும்போது அதைக் கழற்றிப் புதியதில் செருகிக்கொள்ளவும் முடியும்.

சென்னை ரிச்சி தெருவோ உங்கள் ஊர்க் கடையோ, போய் நின்றதும் 'எவ்வளவு ஸ்பீடு' என்று கேட்காமல் 'உள்ளே என்ன சிப்' என்று கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் பெட்டியில் உள்ள மாடலையும் வெர்ஷனையும் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து, வீட்டில் தேடிப் பார்த்துவிட்டு மறுநாள் வாங்குங்கள்.