எச்சரிக்கை: ஃபாஸ்ட் ஃபுட் கடையில் பை கைக்கு வரும் முன் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போனால் போகட்டும் என்று நானே விட்டுவிடுவேன், அவர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். பன்னிரண்டு பேர் சாப்பாட்டுப் பணம் போயிருக்கிறது. கடையின் பெயரைச் சொல்லவில்லை. பர்கரும் வறுத்த கோழியும் விற்கிற பெரிய சங்கிலிக் கடை ஒன்றின் கிளை. வாசலில் ஆர்டர் போடும் தொடுதிரை, கவுன்ட்டருக்கு மேலே டோக்கன் நம்பர் ஓடும் டிவி.

ஆபீஸில் வேலை இழுத்துக்கொண்டே போனது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், நான் வாங்கி வரக் கிளம்பினேன். தொடுதிரையில் எல்லாவற்றையும் போட்டு கார்டைத் தேய்த்ததும் முழுப்பணமும் போய்விட்டது. அதில் மட்டும் தாமதமே கிடையாது. டோக்கன் 47.

கவுன்ட்டரில் இருந்த பையன் முதலில் குளிர்பானங்களை மட்டும் இரண்டு அட்டைத் தட்டுகளில் அடுக்கிக் கொடுத்தான். மேல் தட்டின் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர்: 47, அதன் கீழே 1/2. அதாவது பாதிதான் வந்திருக்கிறது, இன்னொரு பாதி பாக்கி. "அக்கா, சாப்பாடு பேக் ஆகிட்டிருக்கு. இங்க நெரிசலா இருக்கு, நீங்க அந்த ஓரமா உட்காருங்க, நானே கொண்டு வந்து தரேன்" என்றான். அவ்வளவு பணிவு! இரண்டு கையிலும் பாரம், பின்னால் வரிசை முட்டுகிறது. அப்படிச் சொன்னால் யார்தான் உட்காரமாட்டார்கள்?

டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். 47 'தயாராகிறது' பக்கத்திலிருந்து 'தயார்' பக்கத்துக்கு வந்தது. எழுந்து போவதற்குள் மறைந்துவிட்டது. 48 வந்தது, 49 வந்தது, பையனைக் காணோம். அவன் இடத்தில் நின்ற பெண்ணிடம் பில்லை நீட்டினேன். திரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "47 கொடுத்தாச்சே மேடம், சிஸ்டத்துல க்ளோஸ் ஆகியிருக்கு" என்றாள்.

யாரிடம் கொடுத்தாச்சு? பதில் இல்லை. அந்தப் பையன் எங்கே? "ஷிஃப்ட் முடிஞ்சு போயிட்டான்."

இந்த 'க்ளோஸ்' என்ன என்று இப்படிப்பட்ட கடையில் வேலை பார்த்த தோழி பிறகு சொன்னாள். ஒவ்வொரு ஆர்டரும் எத்தனை நொடியில் முடிகிறது என்று சமையல் பக்கத்துத் திரை கணக்கு வைத்துக்கொண்டே இருக்கும். கிளைக்கு மார்க் போடுவது அதை வைத்துத்தான். கூட்டம் ஏறினால், பை வாடிக்கையாளர் கைக்குப் போகும் முன்பே 'முடிந்தது' என்று தட்டிவிடுவார்கள். காரை விட்டு இறங்காமல் ஜன்னலில் வாங்க வருபவர்களை, அதைத் தாண்டி முன்னால் போய் நிற்கச் சொல்வதிலும் இதே கணக்கு உண்டு. கார் நகர்ந்ததும் கடிகாரம் நின்றுவிடும். அவர்கள் நேரம் காப்பாற்றப்பட்டது, என் பன்னிரண்டு பேர் சாப்பாடு யார் கையிலோ போய்விட்டது. ஆனால் பதிவேட்டில் நான் வாங்கிக்கொண்டு போய்விட்டேன்!

மேனேஜர் வந்தார். "கூல்டிரிங்ஸ் வாங்கியிருக்கீங்களே மேடம், அப்போ ஆர்டர் வாங்கினதாத்தானே அர்த்தம்?" ஸ்டிக்கரைக் காட்டினேன். "பிரிண்டர் அப்படித்தான் அடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே அதை உரிக்கக் கை நீட்டினார். தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டு போட்டோ எடுத்தேன். சிசிடிவி பார்க்கலாமே என்றால் தலைமை அலுவலகம் அனுமதிக்க வேண்டுமாம்.

சரி என்று பில்லில் இருந்த வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு போன் அடித்தேன். என் அழைப்பு அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று பாட்டோடு நெடுநேரம் சொன்னார்கள். கடைசியில் பேசியவர், அந்தக் கிளை ஃபிரான்சைஸ், பணம் திருப்புவது உரிமையாளர் பொறுப்பு, கிளையிலேயே கேளுங்கள் என்றார். பெயர்ப்பலகையும் விளம்பரமும் அவர்களுடையது, பொறுப்பு மட்டும் இன்னொருவருடையது. கிளையில் கேட்டால், "ஆப்புல கம்ப்ளெயின்ட் போடுங்க." ஆப்பில் போட்டால், 'பிரச்சினை உள்ள உணவின் படத்தை இணைக்கவும்.' வராத சாப்பாட்டை எப்படிப் படம் எடுப்பது? காலி மேஜையை எடுத்து அனுப்பினேன். உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று பதில் வந்தது. கூடவே, அடுத்த முறை வாங்கினால் ஃப்ரைஸ் இலவசம் என்று ஒரு கூப்பன். பன்னிரண்டு பேர் சாப்பாட்டுக்கு ஒரு பொட்டலம் ஃப்ரைஸ், அதுவும் இன்னொரு தடவை காசு கொடுத்தால்! அதற்கடுத்த நிமிடம், எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்கிறார்கள்.

தப்பிக்கும் வழிகளை விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. பை கைக்கு வரும் வரை கவுன்ட்டரிலேயே நில்லுங்கள், யார் எவ்வளவு பணிவாகச் சொன்னாலும் சரி. பாதி ஆர்டர் கொடுத்தால், மீதி பாக்கி என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பில்லை உடனே போட்டோ எடுங்கள், அது தெர்மல் பேப்பர், மை இல்லாமல் சூட்டில் எழுத்து பதியும் தாள்; சூடு பட்டால் தாளே கருத்துவிடும், நாளானால் எழுத்து மங்கிவிடும். கார்டில் கட்டியிருந்தால் 'பொருள் வரவில்லை' என்று வங்கியில் சார்ஜ்பேக் கேட்கலாம், அதாவது கடைக்குப் போன பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்பது. விசா, மாஸ்டர்கார்ட் விதிப்படி இதற்குப் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு, ஆனால் வங்கிகள் அதைவிடக் குறைவாகவும் வைத்திருக்கும், தள்ளிப்போடாதீர்கள். கடையிடம் கேட்டு அவர்கள் மறுத்ததற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும், அதனால் போனோடு நிற்காமல் மெயிலும் போடுங்கள். கூப்பனைத் தொடாதீர்கள், ஈடு வாங்கிக்கொண்டார் என்று சொல்லிவிடுவார்கள்.

என் புகாரை வங்கியில் பதிந்தாயிற்று. 1/2 ஸ்டிக்கர் போட்டோவையும் சேர்த்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.