விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் ஒரே கணினியில்: எந்தப் பக்கத்திலிருந்து கோப்பை எடுப்பது?

ஒரே மடிக்கணினியில் விண்டோஸும் உபுண்டுவும் (லினக்ஸில் ஒரு வகை) வைத்திருந்தால், அந்தப் பக்கத்துக் கோப்பு இந்தப் பக்கம் தேவைப்படாத நாளே இருக்காது. முடிந்தவரை லினக்ஸில் இருந்தபடி விண்டோஸ் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் விண்டோஸுக்கென ஒதுக்கிய பகுதியை, திறந்து எடுங்கள். எதிர்த்திசையில் தொல்லை அதிகம்.

உபுண்டுவில் விண்டோஸ் டிரைவைச் சொடுக்கினாலே திறந்துவிடும். அந்த டிரைவ் என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸின் கோப்பு அமைப்பில் இருக்கும்; அதைப் படிக்க லினக்ஸில் இரண்டு டிரைவர் மென்பொருள்கள் உண்டு. பழைய என்டிஎஃப்எஸ்-3ஜி, கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) வெளியே ஓடுவதால் கொஞ்சம் மெதுவானது. என்டிஎஃப்எஸ்3, 2021இல் வந்த 5.15 கெர்னலில் சேர்ந்தது, வேகமானது. முக்கியமான கோப்புகள் என்றால் நான் பழையதையே நம்புவேன், பல வருடம் அடிபட்டுத் தேறியது அது.

டிரைவ் திறக்கிறது, ஆனால் எழுத முடியவில்லையா? பெரும்பாலும் காரணம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான். ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. கெர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுப் படுக்கிறது. இடையில் லினக்ஸ் எதையாவது மாற்றினால், விண்டோஸ் பழைய கணக்கோடு எழுந்து கோப்புகளைக் குழப்பிவிடும். பவர் ஆப்ஷன்ஸில் அதை அணைத்துவிடுங்கள். அவசரத்துக்கு, ஷிஃப்டை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால், லினக்ஸில் அதைத் திறக்க 48 இலக்க மீட்பு எண்ணையும் கையில் வைத்திருங்கள்.

விண்டோஸிலிருந்து லினக்ஸ் பக்கம் போவது வேறு கதை. லினக்ஸின் கோப்பு அமைப்பான இஎக்ஸ்டி4 விண்டோஸுக்குத் தெரியாது. சில நேரம் 'ஃபார்மட் செய்யவா?' என்றுகூடக் கேட்கும். தவறியும் சம்மதிக்காதீர்கள். அதைத் திறக்க உதவும் இஎக்ஸ்டி2எஃப்எஸ்டி என்ற மென்பொருள் எழுதவும் விடும், ஆனால் அதன் மூல ஆசிரியரிடமிருந்து 2017க்குப் பிறகு புதிய பதிப்பு இல்லை. இன்றைய பார்ட்டிஷனில் அதை எழுதவிட எனக்குத் தைரியம் வராது. டிஸ்க்இன்டர்னல்ஸின் லினக்ஸ் ரீடர் இலவசம், படிக்க மட்டும்தான் செய்யும். அதனால்தான் அது பாதுகாப்பு. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதியான டபிள்யூஎஸ்எல்2, உண்மையான லினக்ஸ் கெர்னலைக் கொண்டே திறக்கிறது, தாராளமாக எழுதலாம். ஆனால் முழு டிஸ்க்கையும் அதனிடம் ஒப்படைக்க வேண்டும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை அப்படிக் கொடுக்க முடியாது. ஒற்றை எஸ்எஸ்டி மடிக்கணினிக்கு இது உதவாது. இரண்டு டிஸ்க் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

இரண்டுக்கும் பொதுவாக ஒரு பார்ட்டிஷன் ஒதுக்கினால் இந்தப் பாடே குறையும். எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பை இரண்டும் படிக்கும், எழுதும். ஆனால் அதில் ஜர்னலிங் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதி) கிடையாது; எழுதும் நடுவில் கரண்ட் போனால் கோப்பு சிதையலாம். பொதுப் பார்ட்டிஷனுக்கு என்டிஎஃப்எஸ் போதும், எக்ஸ்ஃபேட்டைப் பென்டிரைவோடு நிறுத்திக்கொள்ளலாம்.