சோனி ஷராக்: 1969-இல் தொடங்குவதா, 1991-இல் தொடங்குவதா?

அமெரிக்க ஃப்ரீ ஜாஸ் (வழக்கமான தாள, மெட்டுக் கட்டுகளை உடைத்து வாசிக்கும் ஜாஸ்) கிதார் கலைஞர் சோனி ஷராக்கைப் புதிதாகக் கேட்பவர்கள் முன்னால் இரண்டு ஆல்பங்கள் நிற்கும்: 1969-இன் ‘பிளாக் வுமன்’, 1991-இன் ‘ஆஸ்க் தி ஏஜஸ்’.

அவர் முதலில் வாசிக்க விரும்பியது டெனர் சாக்ஸபோன். ஆஸ்துமா அதற்கு இடம் தரவில்லை. அந்த ஆசையைக் கிதாரில் தீர்த்துக்கொண்டார் என்பது இரண்டு ஆல்பங்களிலும் தெரியும்.

‘பிளாக் வுமன்’ அசல் நெருப்பு. மனைவி லிண்டா சொற்களே இல்லாமல் பாடுகிறார், அலறுகிறார். மில்ஃபோர்ட் கிரேவ்ஸின் டிரம்ஸில் எண்ணிப் பிடிக்கத் தாளம் கிடைக்காது. பழக்கமில்லாத காதுக்கு இது கொஞ்சம் கடினம்தான். ஆனால் கிதார் தனியாக ஒலிக்கும் ‘பிளைண்ட் வில்லி’யை மட்டுமாவது கேளுங்கள்.

‘ஆஸ்க் தி ஏஜஸ்’ வருவதற்குள் நிறைய நடந்துவிட்டது. எழுபதுகளில் பெரும்பாலும் ஒதுங்கியிருந்தவரை இசைத் தயாரிப்பாளர் பில் லாஸ்வெல் எண்பதுகளில் மீண்டும் இழுத்துவந்தார். இதில் சாக்ஸபோன் ஃபாரோ சாண்டர்ஸ், டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ். இருவருமே ஜாஸ் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனுடன் வாசித்தவர்கள். பழைய சீற்றம் அப்படியே இருக்கிறது, கூடவே முணுமுணுக்கத் தகுந்த மெட்டுகளும் வந்து சேர்ந்திருக்கின்றன. இசையமைப்பாளராக அவர் எவ்வளவு வளர்ந்திருக்கிறார் என்பதற்கு ‘ஹூ டஸ் ஷீ ஹோப் டு பி?’ ஒன்றே போதும், அவ்வளவு மென்மை.

1994-இல், 53 வயதில், மாரடைப்பில் இறந்துபோனார். இப்படி இசையமைக்கத் தொடங்கிய நேரத்தில் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

என் பரிந்துரை: 1991-ஐ முதலில் கேளுங்கள். அப்புறம் 1969-க்குப் போனால், அந்த அலறலுக்குள்ளும் மெட்டு இருப்பது பிடிபடும்.